சம்பந்தி வீட்டுச் சுவர்

லா ஷப்பல், பாரிஸ்
20 ஒக்டோபர் 2024

அன்புள்ள சம்பந்தி பசிலியா அம்மாவுக்கு,

பாரிஸிலிருந்து கலாவதி எழுதுகிறேன். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேத்தி சாம்பவி நன்றாகப் பால் குடிக்கிறாள், அதைவிட நன்றாக அழுகிறாள். அவளுடைய அப்பப்பா, அதுதான் என் கணவர், தும்மினால் திடுக்கிட்டு இரண்டு கையையும் விரித்து, இந்த வீட்டில் மரியாதை தெரிந்தவர் ஒருவரும் இல்லையா என்பதுபோல் எங்களைப் பார்க்கிறாள். கண் உங்களுடையது. மூக்கைப் பற்றி இரண்டு பக்கமும் இப்போதைக்கு உரிமை கோராமல் இருப்பது நல்லது. அது இன்னும் முடிவாகவில்லை.

நான் தமிழில் எழுதுகிற இதை என் மகன் கரிகாலன் ஸ்பானிய மொழியில் மாற்றி, உங்கள் மூத்த மகள் லூர்துவின் போனுக்கு அனுப்புவான். லூர்து பள்ளிக்கூடத்தில் படிப்பித்து முடித்து வந்து, உங்கள் கெச்சுவா மொழியில் வாசித்துக் காட்டுவாள். நடுவில் நிற்கிற இரண்டு பேரும் ஒரு சொல்லைக்கூட விழுங்கக் கூடாது என்று இதிலேயே எழுதிவைக்கிறேன். கரிகாலன், உனக்குத்தான் சொல்கிறேன்.

கல்யாணம் நடந்த நாளிலிருந்து நீங்களும் நானும் போனில் முகம் பார்த்துச் சிரித்திருக்கிறோம். நீங்கள் உங்கள் கோழிகளைக் காட்டினீர்கள், நான் என் புது அடுப்பைக் காட்டினேன். ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்காவிட்டாலும் தலையாட்டுவதில் நாம் இருவரும் குறை வைத்ததில்லை. ஆனால் நான்கு மாதமாக நீங்கள் போனுக்கு வருவதில்லை. பிள்ளை பிறந்த அன்றுகூட லூர்துதான் பேசினாள்.

காரணம் எனக்குத் தெரியும். என் மருமகள் சுல்மாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி, நீ எந்த நாட்டில் பிறந்தாய், எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தாய் என்று கேட்டிருக்கிறாள். பொலிவியா, மிஸ்கே பக்கம், மண்சுவர் வீடு என்று உங்கள் மகள் சொன்னதும் கூடுதலாக ஒரு குப்பி இரத்தம் எடுத்தார்கள். சாகாஸ் என்கிற வருத்தத்தின் கிருமி அவளுடைய இரத்தத்தில் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. சுவர் வெடிப்புக்குள் பகலில் ஒளிந்திருந்து, இருட்டியதும் வெளியே வந்து கடிக்கிற பூச்சியால் சின்ன வயதிலேயே வந்திருக்கும் என்றார்கள். அவளுடைய இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னார்கள். இதை அவள் உங்களுக்குச் சொன்ன அன்று நீங்கள் போனை லூர்துவின் கையில் கொடுத்துவிட்டுக் கோழிக்குத் தீன் போடப் போனீர்களாம். போனவர் இன்னும் திரும்பி வரவில்லை. அந்தக் கோழிகள் இந்நேரம் நடக்க முடியாமல் கொழுத்திருக்கும்.

இப்போது தயவுசெய்து எங்காவது உட்கார்ந்துகொள்ளுங்கள். பிள்ளையின் இரத்தத்தையும் சோதித்தார்கள். அதிலும் அந்தக் கிருமி இருக்கிறது. வயிற்றில் இருக்கும்போது தாயின் இரத்தத்தோடு போயிருக்கிறது. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பதில்லையாம், சிலருக்குத்தானாம். எங்கள் பிள்ளை அந்தச் சிலரில் ஒருத்தியாகிவிட்டாள்.

அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று சுல்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நானும் சரி என்றேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நாளைக்கு என் பேத்திக்கு ஒன்று என்றால் என்னிடம் மறைப்பதை நான் பொறுப்பேனா? மாட்டேன். உங்களுக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? அதனால் அவளிடமே சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் அழுதாள். பிறகு, "எழுதுங்கோ மாமி. அம்மா உங்கட சொல்லைக் கேப்பா" என்றாள். உங்கள் மகளின் தமிழ் எப்படி இருக்கிறது பாருங்கள்! லா ஷப்பல் தமிழ்க் கடைக்காரர்கள் எல்லோரும் அவளிடம் விலை குறைப்பது அந்தத் தமிழுக்காகத்தான்.

நல்ல பகுதி இனித்தான் வருகிறது. இந்த வருத்தத்தைக் கைக்குழந்தையில் கண்டுபிடித்தால் அநேகமாக முழுதாகவே சுகமாக்கிவிடலாமாம். டொக்டர் செசில் என்ற பெண் வைத்தியர்தான் பார்க்கிறார். பிள்ளைக்கு மருந்து கொடுக்கும்போது நாங்கள் பயந்த முகத்தைக் காட்டக் கூடாது என்று முதலில் எங்களுக்குத்தான் வகுப்பு எடுத்தார். இரண்டு மாதம், காலையும் மாலையும், பொட்டு அளவு குளிசையைத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கரைக்கிற வேலை என்னுடையது. முதல் நாள் மருந்தை முழுவதுமாக அவள் தன் அப்பப்பாவின் சட்டையில் துப்பினாள். அவர் கோவிலுக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டு நின்றவர். அந்தச் சட்டையோடுதான் போனார், பேத்தி தந்த விபூதி என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டு.

இந்த வருத்தம் தொட்டால் வராது, கொஞ்சினால் வராது, ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும் வராது என்று நான் நன்றாகக் கேட்டு வைத்திருக்கிறேன். கேட்டது பிரயோசனப்பட்டது. நான் சமைக்கிற கடை ரூ பெர்தொனே என்ற தெருவில் இருக்கிறது. அங்கே இடியப்பம் வாங்க வருகிற புனிதவதியக்கா எல்லோருக்கும் முன்னால், "உதுக்குத்தான் எங்கட சனத்துக்குள்ளை கட்டி வைக்கச் சொல்லுறது. இப்ப வருத்தத்தையும் சேர்த்தெல்லோ வாங்கிப்போட்டியள்" என்றார். நான் இடியப்பத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, உங்கட மகன் போன வருசம் யாழ்ப்பாணம் போட்டு வந்து டெங்கோடை ஆஸ்பத்திரியிலை கிடந்தவன். அப்ப நாங்கள் ஆரும் அந்த நுளம்பிட்டை பாஸ்போர்ட் கேட்டனாங்களோ?" என்றேன். கடையே சிரித்தது. அக்காவும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. நேற்று பிள்ளைக்கு மஞ்சள் நிறத்தில் கம்பளித் தொப்பி பின்னிக் கொண்டுவந்தார். நல்ல மனுஷி. வாய்தான் மனத்தை முந்திக்கொண்டு ஓடும்.

உங்கள் வீட்டுச் சுவரை நினைத்து நீங்கள் வெட்கப்படுகிறீர்கள் என்று லூர்து சொன்னாள். பாரிஸ் வீட்டின் கதையையும் கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் கட்டடம் முழுவதும் மூட்டைப்பூச்சி. எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. கட்டில், மெத்தை, சோபா எல்லாம் எறிந்தோம். நான் யார் கண்ணிலும் படாமல் மெத்தையை வீதியில் வைக்கலாம் என்று பார்த்தேன். என் கணவர் ஒரு நேர்மையான மனிதர். வேறு ஒருவரும் எடுத்துப் போய்விடக் கூடாது என்று மெத்தையின் மேல் பெரிய எழுத்தில், முதலில் பிரெஞ்சில், பிறகு தமிழில், "மூட்டைப்பூச்சி" என்று எழுதி, கீழே வீட்டு இலக்கத்தையும் போட்டார். லா ஷப்பலில் அதை வாசிக்காத தமிழன் இல்லை. ஒரு மாதம் நான் சுற்றுவழியால் வேலைக்குப் போனேன். ஆகவே பூச்சிக்காக வெட்கப்படுகிற விஷயத்தில் நான் உங்களுக்கு மூத்தவள். பூச்சி வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டு வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடை இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, போனுக்கு முன்னால் வைத்திருப்பேன். நீங்கள் ஒன்றும் பேசவேண்டாம். முகத்தை மட்டும் காட்டுங்கள். பழையபடி இருவரும் தலையாட்டுவோம்.

அன்புடன் எதிர்பார்த்திருக்கும்,
உங்கள் சம்பந்தி
கலாவதி தவரத்தினம்


லா ஷப்பல், பாரிஸ்
12 ஜனவரி 2025

அன்பான பசிலியா அம்மா,

பொங்கலுக்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். மருந்து போன மாதத்தோடு முடிந்துவிட்டது! கடைசிக் குளிசையையும் நானே கரைத்துக் கொடுத்தேன். அவள் ஒரு சொட்டுக்கூடத் துப்பாமல் குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள். இடையில் எடுத்த சோதனையில் கிருமி தென்படவில்லை என்று டொக்டர் செசில் சொன்னார். ஆனால் ஒரு வயதாகும்போது இன்னொரு முறை இரத்தம் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாமாம். அதுவரைக்கும் சந்தோஷத்தைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள் என்றார். நாங்கள் ஓம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கேசரி கிண்டி நான்கு மாடிக்கும் கொடுத்தோம்.

உங்கள் மகள் பிள்ளையைச் "சாமி" என்று கூப்பிடுகிறாள். உங்கள் பாஷையில் அது நல்லதிர்ஷ்டமாம். எங்கள் பாஷையில் கடவுள். இந்த ஒரு சொல்லை மட்டும் கரிகாலன் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

நீங்கள் அனுப்பிய குரல் பதிவை சுல்மா சமையலறையில் வைத்துப் போட்டாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் நீங்கள் எந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினீர்கள் என்பது விளங்கியது, நானும் அந்த இடத்தில் உறிஞ்சினேன். பிறகு அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். சின்ன வயதில் அவள் கட்டிலில் இருந்து விழுந்துவிடக் கூடாது என்று நீங்களே அவளைச் சுவர்ப் பக்கமாகப் படுக்க வைத்தீர்கள் என்றும், அந்தச் சுவரில்தான் பூச்சி இருந்தது என்றும், என் கையாலேயே செய்தேன் என்றும் சொல்லியிருந்தீர்கள்.

பசிலியா அம்மா, நானும் கரிகாலனைச் சுவர்ப் பக்கம்தான் படுக்க வைத்தேன். உலகத்தில் எந்தத் தாயும் பிள்ளையை விளிம்புப் பக்கம் படுக்க வைப்பதில்லை. அந்த நாளில் அந்தப் பூச்சிக்குள் என்ன இருக்கிறது என்று உங்கள் ஊருக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை. அது வீட்டுக்கு வந்தால் நல்லது நடக்கும் என்று உங்கள் தாயார் சொல்லி வளர்த்தாராம். தெரியாததை எப்படித் தடுப்பது? இதற்கு மேல் இந்தக் கதை வேண்டாம்.

உங்கள் கணவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே விழுந்தாரே, அதுவும் இந்த வருத்தம்தானா என்று. சுல்மா டொக்டர் செசிலிடம் கேட்டாள். இருக்கலாம், இந்தக் கிருமி பல வருடம் சத்தமில்லாமல் இருந்து சிலருக்கு இதயத்தைப் பெருக்க வைத்துவிடும், ஆனால் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். சுல்மா அன்றைக்கு அப்பாவின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றினாள். நான் பக்கத்தில் ஒரு விளக்கு வைத்தேன். அவர் இரண்டு வெளிச்சத்தையும் ஏற்றுக்கொண்டிருப்பார்.

இனி நான் எழுதப்போவதை, பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிற கரிகாலன் ஸ்பானிய மொழியில் எழுத மாட்டேன் என்று நிற்கிறான். எழுது, மகன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சுல்மா என்னிடம், "மாமி, நாங்கள் ஊருக்குப் போனால் டவுனிலை ஹோட்டலிலை நிப்பம். அம்மான்ரை வீட்டிலை சாமியைப் படுக்க வைக்க ஏலாது. எனக்குப் பயம்" என்றாள். வெங்காயத்தால் வந்த கண்ணீர் அல்ல. அந்தச் சொல்லைச் சொன்னதுக்காக அவள் தன்னையே அடித்துக்கொள்ளாத குறை. உங்களிடம் சொல்ல அவளுக்கு வாய் வராது. அதனால் அவளுக்காக நான் சொல்கிறேன். அவள் பயப்படுவது உங்களுக்கு அல்ல, அந்தச் சுவருக்கு.

லூர்துவிடம் விசாரித்தேன். சுகாதாரப் பகுதி ஆட்கள் கேட்டால் வந்து மருந்து அடிப்பார்களாம். ஆனால் அடித்தால் மட்டும் போதாதாம். வெடிப்புகளை மண்ணும் வைக்கோலும் குழைத்து அடைத்து, மேலே வழுவழுவென்று வெள்ளை பூச வேண்டும். கூரைப் புல்லை எடுத்துவிட்டு ஓடு போட வேண்டும். சாமான் குவியலைச் சுவரோடு சேர்த்து வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் விட, கோழிகளும் குவீ என்கிற அந்தக் கினிப்பன்றிகளும் நீங்கள் படுக்கிற இடத்தில் இருக்கக் கூடாது. அவற்றின் இரத்தத்தைக் குடிக்கத்தான் பூச்சி முதலில் வருகிறதாம். நீங்கள் அடுப்படியில் வளர்க்கிற அந்தக் குவீகளைப் போனில் முதல் தடவை பார்த்தபோது நான் எலி என்று கத்தினேன், நினைவிருக்கிறதா? அப்போது மன்னிப்புக் கேட்டேன். அந்த மன்னிப்பில் மாற்றமில்லை. ஆனால் அவை வெளியே போகட்டும்.

உங்கள் அயலவர்கள் கேலி செய்கிறார்கள் என்று லூர்து சொன்னாள். பாரிஸ் சம்பந்திக்காகச் சுவருக்குப் பவுடர் பூசுகிறாயா என்று கேட்கிறார்களாம். ஓம் என்று சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். நாங்கள் பிள்ளையின் முதல் முடியைக் கோவிலில் இறக்குவோம். பிறந்த முப்பத்தோராம் நாளுக்கு மொட்டை போட நான் ஆயத்தம் செய்தேன். சுல்மா பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, எங்கள் ஊரில் முதல் முடியை உறவுக்காரர் கூடி நின்று ஒவ்வொரு சுருளாக வெட்டுவார்கள், அம்மாதான் முதல் கத்தரி வைக்க வேண்டும் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் நான் அவளோடு தேவைக்கு மட்டும் பேசினேன். மூன்றாம் நாள் அவள் சூன்யோ என்ற உங்கள் உருளைக்கிழங்கைச் சமைத்துத் தந்தாள், பனியில் உறையவிட்டு வெயிலில் காயவைத்ததை. கறுப்பாக, கட்டியாக இருந்தது. வாயில் வைத்தால் எங்கள் புழுக்கொடியல் மாதிரி! நாங்கள் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்துச் சாப்பிடுகிற அதே ருசி, அதே கடி. பூமியின் அந்தப் பக்கத்திலும் ஒருத்தி கிழங்கைக் காயவைத்துக்கொண்டு மழைக்கும் பனிக்கும் பயந்து நிற்கிறாள் என்று நினைத்ததும் கோபத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

முடியை உங்களுக்கு விட்டுத் தருகிறேன். பிள்ளையாரிடம் நானே பேசிக்கொள்கிறேன். பதிலுக்கு அந்தச் சுவரை அடையுங்கள். பேத்தி அம்மம்மா வீட்டில் படுக்கட்டும்.

பொங்கல் வாழ்த்துகளோடு,
கலாவதி


லா ஷப்பல், பாரிஸ்
19 ஒக்டோபர் 2025

என் அன்புச் சகோதரி பசிலியாவுக்கு,

சம்பந்தி என்று எழுதிப் பார்த்தேன், போதவில்லை.

போனில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தியதால் உங்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். ஆறுதலாகச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை ஒரு வயதுச் சோதனையின் முடிவு. நானும் சுல்மாவும் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் செசில் கணினியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். பயந்த முகத்தைக் காட்டக் கூடாது என்று எங்களுக்கு வகுப்பு எடுத்த மனுஷியின் கண் நிறைந்திருந்தது. "முடிந்தது. சுகமாகிவிட்டாள்" என்றார். சுல்மா இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டாள். சாமி அந்த நேரம் வைத்தியர் நெஞ்சில் வைத்துக் கேட்கிற குழாயை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

கரிகாலனுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். கடைசித் தரிப்பில் நிறுத்தியதும் சுல்மாவின் செய்தியைப் பார்த்திருக்கிறான். திரும்பி வரும்போது தரிப்பிடம் சொல்கிற ஒலிவாங்கியை எடுத்து, "பயணிகளே, என் மகள் சுகமாகிவிட்டாள்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டான். யார் மகள், என்ன வருத்தம் என்று ஒருவருக்கும் தெரியாது. பஸ் முழுவதும் கைதட்டியதாம். ஒரு கிழவி இறங்கும்போது அவனுடைய கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாளாம். மேலதிகாரி கேட்டால் ஒலிவாங்கி தானாக வேலை செய்தது என்று சொல்லப் போகிறானாம். இதையும் அவன்தான் உங்களுக்கு மொழிபெயர்க்கிறான். வெட்கத்தில் சிரித்துக்கொண்டு எழுதுகிறான்.

என் கணவர் செய்தி கேட்டதும் தான் வேலை செய்கிற பலசரக்குக் கடையின் வாசலில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார். மெத்தையில் எழுதிய அதே மனிதர்தான். நல்லதையும் அவரால் மறைக்க முடியாது.

முடிவு வரட்டும் என்று தள்ளிவைத்திருந்த பிறந்தநாளை நேற்று திரான்சியில் ஒரு மண்டபம் எடுத்துக் கொண்டாடினோம். சுல்மாவின் பொலிவியத் தோழிகள் வட்டப் பாவாடையும் தொப்பியுமாக வந்து ஆடினார்கள். எங்கள் ஆட்கள் முதலில் கதிரையில் இருந்து பார்த்தார்கள். பிறகு புனிதவதியக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு நடுவில் இறங்கினார். அதன் பிறகு ஒருவரையும் நிறுத்த முடியவில்லை. நீங்கள் அனுப்பிய போன்சோ என்கிற கம்பளிப் போர்வையைப் போட்டுக்கொண்டு அப்பப்பா வியர்த்து ஒழுக ஒழுகக் கழற்ற மாட்டேன் என்று நின்றார். கேக்கை வெட்டும்போது சாமி முதல் தடவையாக ஒருவரையும் பிடிக்காமல் நான்கு எட்டு வைத்தாள். கேக்கை நோக்கித்தான் வைத்தாள். அதனால் என்ன, நடை நடைதான்.

இப்போது உங்கள் சுவருக்கு வருகிறேன். லூர்து அனுப்பிய படங்கள் வந்தன. அம்மாடி! அது நான் போனில் பார்த்த அதே வீடா? உள்ளும் புறமும் வெள்ளை. ஓட்டுக்கூரை. கட்டில் சுவரிலிருந்து தள்ளி நிற்கிறது, அதன் மேல் கொசுவலை மாதிரி வெள்ளை வலை. குவீகளுக்கு முற்றத்தின் மூலையில் தனி வீடு, அதற்கும் வெள்ளை பூசியிருக்கிறீர்கள். "இப்ப அதுகளுக்கு என்னைவிட நல்ல வீடு" என்று நீங்கள் முணுமுணுத்ததாக லூர்து எழுதியிருந்தாள். சுகாதாரப் பகுதி ஆட்கள் வந்து டோர்ச் அடித்து மூலைமூலையாகத் தேடி, ஒரு பூச்சிகூட இல்லை என்று கதவில் அடையாளம் ஒட்டிவிட்டுப் போனார்களாமே. கேலி செய்த அயலவர்கள் இப்போது மண் குழைக்கிற விதம் கேட்டு உங்கள் முற்றத்தில் வந்து நிற்கிறார்களாம். பாரிஸ் பவுடர் என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்றாம். எனக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்துவிட்டது.

சுல்மா அந்தப் படங்களை விரலால் பெரிதாக்கி, கூரை சுவரோடு சேருகிற இடம், கதவுநிலை, கட்டில் கால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நானும் கரிகாலனும் அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம். பார்த்து முடித்துப் போனை மேசையில் வைத்தாள். "டிக்கெட் போடுங்கோ" என்றாள். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளே இருந்தாள். வரும்போது பாடிக்கொண்டு வந்தாள்.

ஏப்ரலில் வருகிறோம். ஹோட்டல் இல்லை, உங்கள் வீட்டில்தான். நானும் வருகிறேன், அவரும் வருகிறார். எனக்கு மலை ஏறினால் மூச்சு வாங்கும். அவர் வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் சாப்பிடமாட்டார். குவீயைப் பொரித்து வைத்துவிட்டு உபசாரம் செய்யாதீர்கள், அதன் வெள்ளை வீட்டைப் பார்த்துவிட்ட பிறகு அதைச் சாப்பிட எனக்கு மனம் வராது. மற்ற எதைத் தந்தாலும் சாப்பிடுவோம்.

சுல்மா பிள்ளைக்குப் பால் நிறுத்திவிட்டாள். அடுத்த மாதம் அவளுக்கும் மருந்து தொடங்குகிறார்கள். பெரியவர்களுக்கு அது கொஞ்சம் கடுமையாக இருக்குமாம், தோலில் கடியும் அரிப்பும் வருமாம், களைக்குமாம். நான் பக்கத்தில் இருக்கிறேன். நீங்கள் அதை நினைத்துக் கவலைப்படவேண்டாம்.

எனக்குக் கவலை வேறு. லூர்து தானும் சோதித்து, பிள்ளைகளையும் சோதித்துவிட்டாள், எல்லோருக்கும் ஒன்றும் இல்லை. நீங்கள் மட்டும் மாட்டேன் என்று நிற்கிறீர்களாம். பிள்ளைகளுக்குச் சரி, சுவருக்கும் சரி, இந்த வயதில் எனக்கு எதற்கு என்று கேட்டீர்களாம். டொக்டர் செசிலிடம் உங்கள் வயதைச் சொல்லிக் கேட்டேன். அந்த வயதில் எல்லோருக்கும் மருந்து கொடுப்பதில்லை, ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால் இதயத்தைப் பார்த்துக்கொண்டு வரலாம், தேவையான நேரத்தில் உதவி செய்யலாம் என்றார். உங்கள் கணவருக்குக் கிடைக்காத உதவி அது.

உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்றும் யோசித்தேன். இந்த நாட்டில் ஐம்பது வயது தாண்டிய பெண்களை, மார்பில் புற்றுநோய் இருக்கிறதா என்று படம் பிடித்துப் பார்க்க வரச்சொல்லி அரசாங்கம் கூப்பிடும். என்னையும் கூப்பிட்டது, பல முறை. என் அக்கா அந்த வருத்தத்தால்தான் போனவர். அந்தப் பயத்தில் நான் போகவில்லை. கேட்டால் கடையில் வேலை என்பேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இதை எழுதும்போது கரிகாலன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான். எழுது, மகன், பிறகு பேசுவோம்.

வெள்ளிக்கிழமை போனேன். தனியாகத்தான் போனேன். இயந்திரம் குளிர்ந்துபோய் இருந்தது, மார்பைச் சப்பாத்தி மாதிரி அழுத்தியது, வலித்தது, முடிந்துவிட்டது. பார்த்த வைத்தியர் பயப்பட ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆனால் இன்னொரு வைத்தியரும் பார்த்துத்தான் முடிவு சொல்வார்களாம். அது வருகிறவரை காத்திருக்க வேண்டும்.

பசிலியா, எனக்குத் தனியாகக் காத்திருக்கப் பிடிக்கவில்லை. இந்தக் கிழமை லூர்துவோடு டவுனுக்குப் போய் நீங்களும் கையை நீட்டுங்கள். ஒரு சின்னக் குப்பிதான். பிறகு நீங்கள் அங்கேயும் நான் இங்கேயுமாக இருவரும் சேர்ந்து காத்திருக்கலாம்.

உங்கள் மலைகள் உங்களைக் காக்கட்டும். மீதியை எங்கள் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

உங்கள் கையைப் பிடித்தபடி,
கலாவதி